பழைய மரமும் சொல்லாத பூர்வீகமும்

மதுரையில் ஒரு கூட்டம். இயற்கையோடு இணைந்த வாழ்வு பற்றிப் பேச்சு. பேசியவர் நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. புதிதாக ஒரு மரத்தையும் வெட்டாமல், இடித்த வீட்டு மரத்திலேயே தன் வீட்டுக் கதவு, மேசை, ஊஞ்சல் அத்தனையும் செய்துகொண்டதாகச் சொல்லிப் படம் காட்டினார். மேசையில் ஆணி இருந்த ஓட்டைகளை அடைக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். அதுதான் அழகாம். கடைசியில், எதையும் வீணாக்காமல் வாழ்வது எப்படி என்று ஏழை மக்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கை தட்டினார்கள்.

நான் எழுந்து ஒன்று கேட்டேன். "அய்யா, அந்த ஓட்டைகள்ல இருந்த ஆணியப் புடுங்குனது யாரு?"

"ஆசாரிதான்" என்றார் அவர். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. ஆசாரியின் கைக்கு மரம் வருவதற்கு முன்னால் இன்னொரு கை இருக்கிறது. அந்தக் கையை எனக்குத் தெரியும். அது எங்கள் சின்னய்யாவின் கை. இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது.

எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு மரவேலையில் என்ன பேச்சு என்று கேட்கக்கூடும். படித்ததனால்தான் இதை எழுத முடிகிறது. அந்தக் கையால் எழுத முடியாது.

போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ராசிங்காபுரம். மேற்கே மலை. விடிவதற்குள் ஜீப்புகள் எங்கள் தெருப் பெண்களை அள்ளிக்கொண்டு போடிமெட்டு ஏறிவிடும். ஏலத்தோட்டத்தில் களையெடுப்பு, கவாத்து, காய் எடுப்பு. மலை ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே கிடைத்ததைச் செய்வார்கள். சின்னய்யா பத்தொன்பது வயதில் ஒரு பழைய மரக்கடையில் சேர்ந்தார். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. இடித்த வீடுகளின் நிலை, கதவு, சன்னல், உத்தரம், ஓட்டுக்கு அடியில் கிடந்த ரீப்பர் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். ஆணி பிடுங்குவது, பெயின்ட் சுரண்டுவது, உளுத்த பக்கத்தை வெட்டிக் கழிப்பது, அடுக்குவது இவர் வேலை. இழைப்புளியைத் தொடுவது வேறு ஆள். "ஆசாரி வேல பழகிக்கிறேன்" என்று ஒருமுறை கேட்டதற்கு, "கடப்பாரை புடிச்ச கைக்கு உளி எதுக்குடா" என்று பதில் வந்ததாம்.

எந்த வீட்டுக்குள் எங்கள் அப்பத்தா கால் வைக்க முடியாதோ, அந்த வீட்டின் நிலை இடித்த பிறகு சின்னய்யாவின் மடியில் வந்து கிடந்தது. நிலை நம் கைக்கு வந்துவிட்டது என்று ஒரு கவிஞர் இதை வெற்றியாக எழுதக்கூடும். நான் எழுத மாட்டேன். ஆணியும் ஈயமுமாக ஆன பிறகுதான் அது நம் கைக்கு வந்தது.

ஒருநாள் ஒரு தேக்கு உத்தரத்தை அறுவை மில்லுக்குக் கொண்டு போனார்கள். ஆணியெல்லாம் எடுத்தாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். என்றைக்கோ தலை ஒடிந்துபோன ஆணி ஒன்று உள்ளேயே தங்கியிருந்தது. அதன்மேல் மக்கு வைத்து அடைத்து, மேலே பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடுகிற வட்ட ரம்பம் ஆணியில் பட்டது. ரம்பத்தின் பல் ஒன்று தெறித்துப் போய்க் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டது. கட்டை துள்ளித் திரும்பியது. மறுமுனையைப் பிடித்திருந்த சின்னய்யாவின் இடது கை ரம்பத்தோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வந்த கடைக்காரர் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. "ஆணி புடுங்குறவன் நீதானடா. நீ விட்ட ஆணி ஒன்னையவே கடிச்சிருச்சு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பழைய மரத்தில் ஆபத்து உண்டு என்பது உலகம் அறிந்தது. மறைந்த ஆணி, திருகு, சில நேரம் சுவரிலிருந்து வந்த கல். உள்ளே கறையான் தின்று வெறும் கூடாக நிற்கிற சட்டம். பாரம் ஏற்றினால் முறியும். துருப்பிடித்த ஆணி குத்தினால் ரணஜன்னி. இதையெல்லாம் சொல்லி, கையுறை போடு, கண்ணாடி போடு, முகமூடி போடு என்று அறிவுரை சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்த அறிவுரை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? மரத்தை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக மேசை செய்கிறவரைப் பார்த்து. கூலிக்கு உடைக்கிறவன் அதன் கணக்கிலேயே இல்லை. கணக்கில் வந்தாலும் அறிவுரை என்னவாகிறது? "கையுறை போடலையா? அப்ப உன் தப்புதான்." கடைக்காரரின் அதே வாக்கியம், படித்தவர்கள் மொழியில்.

நான் சொல்ல வருவது வேறு. பழைய மரத்தின் பெரிய ஆபத்து ஆணி இல்லை. அந்த மரம் எங்கே இருந்தது, அதன்மேல் என்ன பூசினார்கள், அதில் என்ன ஊறியது என்கிற சேதி, அதை உடைக்கிறவனுக்கு வந்து சேராததுதான் ஆபத்து. அந்தச் சேதி தானாகத் தொலைவதில்லை. தொலைக்கப்படுகிறது.

காரைக்குடிப் பக்கம் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். வட்டித் தொழிலுக்குப் பர்மா போன நகரத்தார் அங்கிருந்து கொண்டுவந்த தேக்கில் கட்டிய வீடுகள், 1930-களின் மந்தத்துக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் பிறகு பராமரிக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. அந்தத் தூண், கதவு, நிலை எல்லாம் விலைக்கு நிற்கின்றன. ஒரு கதவைத் தொட்டால் போதும், அதன் வம்சமே வந்துவிடும். எந்த ஊர், எத்தனை தலைமுறை, எந்தத் தேக்கு, எந்தக் கைவேலை. வம்சம் நீள நீள விலை ஏறும். அதே கதவின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று கேளுங்கள். "பழைய சாமான், யாருக்குத் தெரியும்?" என்பார்கள். விலை கூட்டுகிற பூர்வீகம் நினைவிருக்கிறது. விலை குறைக்கிற பூர்வீகம் மட்டும் மறந்துபோகிறது. சாதி இந்துக்களின் குடும்ப வரலாறும் இப்படித்தான் எழுதப்படுகிறது. தாத்தா கட்டிய கோயில் நினைவிருக்கும். தாத்தா கட்டி வைத்து அடித்த ஆள் நினைவிருக்காது.

சொல்லாமல் விடுகிற பூர்வீகங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது ஈயம். பழைய எண்ணெய்ப் பெயின்ட்டுகளில் ஈயச் சேர்மானம் சாதாரணம். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அதுதான் பலம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு விதி கொண்டுவந்தது 2016-இல். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அப்படியென்றால் அதற்கு முன் அடித்த எந்தக் கதவையும் சந்தேகப்படத்தான் வேண்டும். காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயம் தூளாகப் பறக்கும். புளோ லாம்பு வைத்துச் சுட்டால் ஆவியாகவும் புகையாகவும் ஏறும். வேலை செய்கிறவனோடு அது நிற்பதில்லை. சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தொடும். ஈயத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

சின்னய்யா சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அவர் மகள் ஓடிப்போய் மடியில் ஏறுவாள். சட்டையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகத் தூள். பிள்ளைக்கு ஓயாமல் வயிற்று வலி. படிப்பு ஏறவில்லை. "உங்க தெருப் பிள்ளைகளுக்கு மண்டையில ஏறாதும்மா" என்று சொல்லி அனுப்பினார் ஒரு டீச்சர். ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை. அதனால் நான் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் பிறப்பின் மேல் பழி போடுவதற்கு மட்டும் அந்த டீச்சருக்கு எந்தப் பரிசோதனையும் தேவைப்படவில்லை.

இரண்டாவது சிலீப்பர் கட்டை. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரக்கட்டைகள். மழையிலும் பூச்சியிலும் கெடாமல் இருக்க, நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றிய கட்டைகள் அதில் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிரியோசோட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928-இல். 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15-இல் அகலப் பாதையில் மறுபடி வந்தது. ரயில் இல்லாத அந்தப் பன்னிரண்டரை வருஷத்தில் நாங்கள் பஸ்ஸில் போனோம், சரி. எங்கள் தெருவில் சிலீப்பர் கட்டைகள் மட்டும் இருந்தன. எந்தப் பாதையில் கிடந்தவை, யார் ஏலம் எடுத்தார்கள், எத்தனை கை மாறி வந்தன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கனமான கட்டை, கெடாது, மலிவு. மாட்டுக் கொட்டகைக்குத் தூண், வாசலுக்குப் படி, ஒரு வீட்டில் கட்டிலுக்குக் கால். கோடையில் அந்தப் படியில் உட்கார்ந்தால் தார் வாசம் வரும், பாவாடையில் கறுப்பாக ஒட்டும். அதை அறுத்தவர்கள் வெயிலில் போனால் முகமும் கையும் காந்தும். "சூட்டு உடம்பு" என்று வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தார்கள். கிரியோசோட் பட்ட தோல் வெயிலில் வெந்துபோகும் என்பதை நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன்.

மூன்றாவது ஆர்சனிக். நம் ஊர்ப் பேச்சில் பாஷாணம். செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்து மரத்தில் ஏற்றினால் கறையான் தொடாது என்று 1930-களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசம் என்கிற இந்தியர். 'அஸ்கு' என்று அதற்குப் பெயர். உலகம் முழுக்கப் போயிற்று. நம் நாட்டில் தொழிற்சாலைகளின் குளிர்கோபுரங்களுக்கு இப்படி மருந்தேற்றிய மரம் போட்டார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இந்த மரத்தைத் தயாரிப்பதை 2003 முடிவோடு நிறுத்திக்கொண்டார்கள். குழந்தைகள் விளையாடும் ஊஞ்சலிலும் சறுக்கிலும் ஆர்சனிக் இருக்கிறதே என்று பெற்றோர் போட்ட சத்தம் அதற்கு ஒரு காரணம். நல்லது. நம் ஊரில் கோபுரம் பிரித்தால் அந்த மரம் எங்கே போகிறது? புதிதில் லேசாகப் பச்சை தெரியும். வெயிலில் கிடந்து வெளுத்துவிட்டால் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அம்பேத்கர் தொகுதிகள் வாங்கியபோது அடுக்க ஒரு அலமாரி வேண்டும் என்று சின்னய்யாவிடம் கேட்டேன். விரல் போன பிறகும் எனக்காகச் செய்தார். பச்சை பூத்த பலகைகள். நான்தான் வீட்டுக்குள் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டேன். பக்கத்தில் அண்ணன் மகன் தூளில் கோலம் போட்டு விளையாடினான். அது அஸ்குவா, பாசியா, வெறும் பெயின்ட்டா? கேட்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கேள்வியையும் விடாதே என்று சொல்லிக் கொடுத்தவரின் புத்தகங்களை அடுக்கத்தான் அந்தப் பலகை.

நான்காவது எங்கள் மலை. ஏலத்துக்கு மருந்து அடிப்பார்கள் என்பது ஊரறிந்தது. எஸ்டேட்டில் மருந்து வைத்திருந்த அறையைப் பிரித்தால் அதன் அலமாரிப் பலகையும் கீழே விற்பனைக்கு வரும். பி.எச்.சி.யை 1997-இல் தடை செய்தார்கள், எண்டோசல்ஃபானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தடை போத்தலுக்குத்தான். வருஷக்கணக்காகச் சிந்தி ஊறின பலகைக்குத் தடை போட யாரும் வரவில்லை. துறைமுகத்திலிருந்து வருகிற பேலட் கட்டையும் இப்படித்தான். அதில் முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, 'எம்.பி.' என்றால் மெதில் புரோமைடு வாயு அடித்தது. அந்த வாயு பெரும்பாலும் போய்விடும். ஆனால் அந்தப் பேலட்டின் மேல் என்ன மூட்டை இருந்தது, என்ன கசிந்தது என்பதற்கு முத்திரை கிடையாது.

கப்பலுக்கு ஒரு நியாயம், கதவுக்கு ஒரு நியாயம். கிளெமான்சோ என்கிற பிரெஞ்சுப் போர்க்கப்பலை உடைப்பதற்காக குஜராத்தின் அலங் கரையை நோக்கி அனுப்பினார்கள். உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்து, 2006 பிப்ரவரியில் பிரான்ஸ் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அதற்குப் பெயர் இருந்தது, காகிதம் இருந்தது, எனவே கேள்வி கேட்க முடிந்தது. அதே அலங்கில் உடைத்த எத்தனையோ கப்பல்களின் கதவும் கட்டிலும் பலகையும் சாலையோரக் கடைகளில் அடுக்கி விற்கப்படுகின்றன. அவற்றுக்குக் காகிதம் ஏது?

இதுவரை சொன்னது ஆண்கள் வேலை செய்கிற இடம். மிச்சம் எங்கே போகிறது என்று எந்தப் பாதுகாப்புக் கையேடும் பார்ப்பதில்லை. அது அடுப்புக்குப் போகிறது. கடையில் கழித்த துண்டுகளைச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கி வந்தவள் நான். பெயின்ட் அடித்த துண்டு சீக்கிரம் பற்றும். சிலீப்பர் துண்டு மழைக்காலத்திலும் எரியும். "கறுப்புக் கட்டையப் போடுத்தா, நின்னு எரியும்" என்பாள் அப்பத்தா. அந்தப் புகையில் குனிந்து ஊதினோம். அந்தச் சாம்பலில் பாத்திரம் விளக்கினோம், பல் தேய்த்தோம், அவரைக்கொடிக்குத் தூவினோம். சின்னய்யா சட்டையைத் துவைத்தது சித்தி.

1984-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சேதி வந்தது. விஸ்கான்சின் மாநிலக் கிராமம் ஒன்றில் எட்டுப் பேர் உள்ள குடும்பம். குளிர்காலம் வந்தால் முடி கொட்டும், தோல் வெடிக்கும், வலிப்பு வரும். கோடையில் சரியாகிவிடும். என்னவென்று தேடிப் பார்த்தால், செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய மரத்துண்டுகளை அவர்கள் அடுப்பில் எரித்து வந்திருக்கிறார்கள். எரித்தால் ஆர்சனிக் அழியாது. கொஞ்சம் புகையில் போகும், மிச்சம் சாம்பலில் நிற்கும். டேராடூனில் பிறந்த மருந்து விஸ்கான்சினில் ஒரு குடும்பத்தை வாட்டியது உலகத்துக்குத் தெரிகிறது. அந்த வீட்டில் ஒரு மருத்துவர் நுழைந்து, என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்க ஆள் இருந்தது. எங்கள் தெருவில் யார் கேட்டார்கள்?

கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விஷம் எதுவும் பூசாத மரத்தின் தூளே புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995-இல் அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அதன் ஆரம்பம் எங்கே? இங்கிலாந்தில் நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஹை விக்கம் என்கிற ஊர். 1960-களில் அங்கே அபூர்வமான ஒரு மூக்குப் புற்றுநோய் அடிக்கடி வருவதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கவனித்தார்கள். வந்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். பலர் மரவேலைக்காரர்கள். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. "நீ என்ன வேல பாக்குற?" என்று கேட்டது.

சின்னய்யாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. பெயர், வயது, ஆண் என்று இருக்கிறது. வேலை என்று எழுத ஒரு கோடுகூட இல்லை. இருமலுக்கு மருந்து, அரிப்புக்கு மருந்து. "பீடி குடிப்பியா, சாராயம் குடிப்பியா" என்று மட்டும் தவறாமல் கேட்டார்கள். அவன் பழக்கம்தான் அவன் நோய் என்பது முடிவாகிவிட்ட விஷயம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1923-இல் வெள்ளைக்காரன் போட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே ஈய நஞ்சு தொழில்நோயாக எழுதப்பட்டிருந்தது. நூறு வருஷமாகச் சட்டத்துக்குத் தெரிந்த சேதி, ஆணி பிடுங்குகிறவனுக்குத் தெரியாது. 1996-இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் கட்டடம் இடிப்பதையும் வேலையாகச் சேர்த்தது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது செல்லுபடியாயிற்று. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பொதுவாக அந்தப் பத்தில்தான் நிற்கிறது. தகரக் கொட்டகையில் நாலு பேர். நாலு பேருக்கு நுரையீரல் இல்லையா? விரல் இல்லையா?

பசுமை பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரம் வெட்டாதீர்கள், பழையதை எடுங்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் காட்டைக் காப்பாற்றிய கணக்கை நீங்கள் எழுதிக்கொண்டு, நுரையீரல் கணக்கை எங்கள் தெருவில் எழுதாதீர்கள். எங்களிடமிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்கிற சிக்கனம், வேறு வழியில்லாமல் வந்தது. அதை ஞானம் என்று புகழ்ந்தால் எங்களுக்குக் கூச்சம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இதை எழுதப் போகிறேன் என்றதும் ஒருவர் சிரித்தார். "ஆணவக் கொலை நடந்துக்கிட்டு இருக்கு, நீ ஆணியப் பத்தி எழுதுறியா?" என்றார். எழுதுகிறேன் தோழரே. வெட்டிக் கொன்றால் பிணம் கிடக்கிறது, ஊர்வலம் போகிறோம். இருமிச் சாகிறவனுக்கு ஊர்வலம் கிடையாது. 1989-இல் போடி வட்டாரத்தில் மூண்ட சாதிக் கலவரத்தை நாம் எழுதியிருக்கிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் கொளுத்த ஆள் வராமலே தினமும் எங்கள் அடுப்பிலிருந்து எழுந்த புகையை யார் எழுதினோம்? மலம் அள்ளுகிறவர் குழியில் இறங்கிச் சாவது சாதி என்று நாம் போராடித்தான் சொல்ல வைத்தோம். எது அழுக்கோ, எது விஷமோ, எதன் பூர்வீகத்தை யாரும் சொல்ல விரும்பவில்லையோ, அது கடைசியில் எந்தத் தெருவுக்கு வருகிறது என்று பாருங்கள். பழைய மரமும் அந்த வழியில்தான் வருகிறது.

"அப்ப தொடாதீங்க, வேற வேல பாருங்க" என்கிறவர்களும் உண்டு. வேறு வேலையை வைத்துக்கொண்டா வேண்டாம் என்கிறோம்? தொடத்தான் போகிறோம். தெரிந்து தொடுவோம், கூலி பேசித் தொடுவோம்.

எங்கள் தெருவில் இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, அறுப்பதற்கு முன் மரம் முழுக்க ஓட்டிப் பார்க்கிறோம். மக்கு வைத்த இடத்தைக் குத்திப் பார்க்கிறோம். பழைய பெயின்ட்டைச் சுடுவதில்லை, காய்ந்தபடி தேய்ப்பதில்லை. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதை அள்ளிக் கட்டி வைக்கிறோம். வீட்டுக்குள் மரத்தூள் வேலை இல்லை. மூக்கில் துண்டு கட்டினால் ஈயத்தூளும் மெல்லிய மரத்தூளும் நிற்காது. வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், அதை வாங்கித் தருவது வேலை கொடுக்கிறவர் பொறுப்பு. வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவது. கறுப்புக் கட்டை, பச்சைக் கட்டை, பெயின்ட் கட்டை அடுப்புக்குப் போகாது. அதன் சாம்பல் பாத்திரத்துக்கும் பல்லுக்கும் செடிக்கும் ஆகாது. சிலீப்பர் கட்டையிலும் மருந்து அறைப் பலகையிலும் கட்டில், தொட்டில், தானியப் பெட்டி செய்வதில்லை.

இது போதாது. இதோடு நின்றால் பழி மறுபடி எங்கள் தலையில்தான். அதனால் கேட்கிறோம். இடித்த மரம் விற்கிறவர், அது எந்தக் கட்டடத்தில் எதற்கு இருந்தது என்று ரசீதில் எழுதித் தர வேண்டும். அரசுத் துறைகள் பழைய கட்டை ஏலம் விடும்போது, என்ன மருந்து ஏற்றியது என்று கட்டையிலேயே குறி போட வேண்டும். மருந்தேற்றிய கழிவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆணி பிடுங்குகிறவரும் சுரண்டுகிறவரும் கூலியாள் என்ற பொதுப் பெயரில் மறையாமல், அந்தத் தொழிலின் பெயரிலேயே நல வாரியத்தில் பதிவாக வேண்டும். பத்துப் பேர் கணக்கு ஒழிய வேண்டும். அரசு மருத்துவமனைச் சீட்டில் 'வேலை' என்று ஒரு கோடு வேண்டும். ஈயத்துக்கான ரத்தப் பரிசோதனை மரக்கடைத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இலவசமாக வேண்டும்.

வாடகைக்கு வீடு கேட்டால் நம்மிடம் பூர்வீகம் கேட்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்று மூன்று கேள்வியில் தெரிந்துகொள்கிறார்கள். அந்த மூன்று கேள்வியும் நமக்கு மனப்பாடம். அதைத் திருப்பி மரத்திடம் கேட்போம். எங்கே இருந்தாய், உன்மேல் என்ன பூசினார்கள், உன்னில் என்ன சிந்தியது?

போன மாதம் வேறொரு கடைக்கு லாரி வந்து நின்றது. சின்னய்யா இறக்கப் போனவர், கட்டையைத் தொடாமல் நின்று கேட்டிருக்கிறார். "இது எங்க இருந்த மரம்?"

"உனக்கெதுக்குடா அந்தப் பூர்வீகமெல்லாம்? எறக்கு."

"சொல்லுங்க, எறக்குறேன்."

அன்றைக்கு அவருக்குக் கூலி இல்லை. மறுநாள் அவரோடு இன்னும் இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.